பேட்ரோல்மேன் வந்து சேராத இரவு: மருதையாறும் தலைமைப் பொறுப்பும்

1956 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை, விடிவதற்குச் சற்று முன். முந்தைய இரவு எழும்பூரில் புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே மருதையாறு. பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர் வழியாக வந்து கொள்ளிடத்தில் கலக்கும் ஆறு இது. வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் சில நாள் மட்டும் கரை கொள்ளாமல் ஓடும். அன்று அப்படித்தான் ஓடியது. வெள்ளத்தில் பலமிழந்திருந்த பாலத்தின் மேல் அந்த மீட்டர் கேஜ் வண்டி ஏறியது. என்ஜினும் அதைத் தொடர்ந்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நாடு இந்த விபத்தை நினைவில் வைத்திருப்பது லால் பகதூர் சாஸ்திரியின் பெயரோடு சேர்த்துத்தான். அப்போது அவர் ரயில்வே அமைச்சர். அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில், ஐதராபாத்துக்குத் தெற்கே மகபூப்நகர் பக்கம் இன்னொரு ரயில் பாலம் வெள்ளத்தில் போய், 100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் அரியலூர். சாஸ்திரி மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணமல்ல என்று மக்களவையில் தெளிவாகவே சொன்னார். அரசியல் சட்ட மரபில் ஒரு முன்னுதாரணம் இருக்கட்டும் என்பதே ஏற்றுக்கொண்டதற்கு அவர் தந்த விளக்கம்.

அலுவலகம், பள்ளி, சங்கம், தொழிற்கூடம் என்று எதையாவது தலைமையேற்று நடத்துகிறவர்களுக்கு இன்று பயிற்சி வகுப்புகள் நிறைய நடக்கின்றன. எதிர்பாராத காலத்தில் ஊழியர்களிடம் பரிவோடு நடப்பது எப்படி, அடி விழுந்தபின் நிறுவனம் மீண்டெழுவது எப்படி என்பதுதான் பல வகுப்புகளின் பொருள். உதாரணங்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகின்றன. அரியலூர் மாவட்டத்தின் வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்து ஆறு ஒன்றின் மேல், ஒரே இரவில், இந்தக் கேள்வி முழுவதுமாக எழுந்திருக்கிறது. அதில் பாதியைத்தான் நாம் கற்றிருக்கிறோம் என்பது என் எண்ணம். அமைச்சர் விலகியதைக் கற்றோம். மழை இரவில் தண்டவாளத்தில் நடந்துபோகும் மனிதனுக்கும் ரயில்வே அமைச்சருக்கும் நடுவில் இருக்கவேண்டிய பாதை என்ன என்ற மற்ற பாதி நமக்குப் பாடமாகவே வரவில்லை.

முதலில் சாஸ்திரிக்கு உரியதைச் சொல்லிவிட வேண்டும். அவர் செய்தது வெறும் சடங்கல்ல. மூன்றாம் வகுப்புப் பயணிகளின் வசதி மேல் உண்மையான அக்கறை கொண்டிருந்த அமைச்சர் அவர். ஒரு நிறுவனத்தின் உச்சியில் இருப்பவர் ‘இது என் பொறுப்பில் நடந்தது’ என்று சொல்வதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. யாரோ ஒரு கேங்மேன் மேல் பழியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் ஒட்டிக்கொள்வதோடு ஒப்பிட்டால் அதன் உயரம் புரியும். அந்த உயரத்தை நான் குறைக்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்த விபத்துக்கு ஓர் அரசியல் ஆயுளும் உண்டு. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ. வி. அழகேசன், செங்கற்பட்டு மக்களவை உறுப்பினர். 1957இல் தி.மு.க. முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் இறங்கியபோது, அரியலூரையும் அழகேசனையும் சேர்த்துக் கட்டிய முழக்கம் ஊர் ஊராகச் சுவரேறியது. அழகேசன் அந்தத் தேர்தலில் தோற்றார். மக்கள் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அது கிடைத்தது. ஆனால் அமைச்சர் விலகியதாலோ துணை அமைச்சர் தோற்றதாலோ இன்னொரு பாலம் உறுதிப்பட்டுவிடவில்லை.

பாலங்களுக்கான வேலை அதிகம் பேசப்படாமல் நடந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1950களின் பிற்பகுதியில் பொறியாளர் ஏ. என். கோஸ்லா தலைமையில் அமைந்த பொறியாளர் குழு, பாலம் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும்படி கட்டப்படவேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. குறைந்தது 50 ஆண்டு வெள்ளப் பதிவுகளில் உச்சமானதைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்றது. பதிவு இல்லாத ஆறுகளுக்கு, அந்தப் பகுதியின் மழையையும் நிலத்தின் தன்மையையும் வைத்துக் கணக்கிடவேண்டும் என்றது. இதைச் செய்வதற்கு நாட்டில் தகவலே போதுமான அளவு இல்லை என்பதும் அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. பெரிய ஆறுகளை அளந்துவைத்திருந்தோம். மருதையாறு போல மழைக்கு மட்டும் ஆறாகும் சிறிய ஓட்டங்களை யார் அளந்தார்கள்? அதன்பின் இந்தியா முழுவதும் மழையும் நிலமும் ஒத்துப்போகும் 26 உட்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, சின்னச் சின்ன நீர்ப்பிடிப்புகளில் ஆண்டுக்கணக்காக மழையும் வெள்ளமும் அளக்கப்பட்டன. ஒரு நிறுவனம் மீண்டெழுவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இதில் எவருடைய புகைப்படமும் இல்லை, தேர்தல் முழக்கமும் இல்லை. அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் கையில் கணக்கு இருந்தது.

இன்னொரு வேலை தண்டவாளத்தில் நடப்பது. மழைக்கால இரவு ரோந்து இந்திய ரயில்வேயில் பழைய ஏற்பாடு. ஆபத்தான பகுதி என்று குறித்துவைத்த இடங்களில், மழைக்காலம் தொடங்கி முடியும்வரை ஒவ்வோர் இரவும் பேட்ரோல்மேன் நடக்கிறார். தலையில் மழைத்தொப்பி, உடம்பில் மழைக்கோட்டு, கையில் தடி. சிவப்பு, பச்சை காட்டும் கைவிளக்கு, டார்ச், விசில். தகரப் பெட்டியில் டெட்டனேட்டர் வெடிகள். தோள்பையில் ஒரு புத்தகம். தன் எல்லைவரை நடந்துபோய், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பேட்ரோல்மேனைச் சந்தித்து, இருவரும் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். நிலையத்துக்கு வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் குறித்துக் கையெழுத்திடுகிறார். ஆள் உண்மையில் அந்தத் தூரம் நடந்தாரா என்பதற்கு, மாற்றிக்கொண்ட புத்தகமே சாட்சி.

நடக்கும்போது அவர் பார்ப்பது என்ன? பாலத்தின் தூணில் அபாயக் கோடு வரைந்திருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டதா? கரையில் மண் சரிந்திருக்கிறதா? ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? தண்டவாளத்துக்கு அடியில் சல்லி போய்விட்டதா? ஆபத்து என்று தெரிந்தால் மேலிடத்தைக் கேட்கவேண்டியதில்லை. அகலப்பாதையில் 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டர் தள்ளிப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வரும் வண்டியின் சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், டிரைவர் நிறுத்தியே ஆகவேண்டும். உள்ளே எத்தனை பெரிய அதிகாரி பயணம் செய்தாலும் வண்டி நிற்கும். சம்பள அட்டவணையில் கடைசி வரிசையில் இருக்கும் ஒருவருக்கு, அந்த இருட்டில், முழு ரயிலையும் நிறுத்தும் அதிகாரத்தை விதி தந்திருக்கிறது.

அதைவிட என்னை அதிகம் யோசிக்கவைக்கும் விதி வேறொன்று. பேட்ரோல்மேன் வரவேண்டிய நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்யவேண்டும்? ‘ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் வழி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று வண்டியை முழு வேகத்தில் அனுப்பக்கூடாது. அடுத்து வரும் வண்டியின் டிரைவருக்கு எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று சொல்லித்தான் அனுப்பவேண்டும். பேட்ரோல்மேன் வந்து, பார்த்ததைச் சொல்லும்வரை அந்தப் பகுதியில் வேகம் குறைவுதான். அடிமட்டத்திலிருந்து செய்தி வராமலிருப்பதை இந்த விதி நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. புகார்ப் பெட்டி காலியாக இருந்தால் தலைமையாசிரியர் மகிழ்கிறார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால் மேலாளர் தன் முடிவு ஏற்கப்பட்டதாக நினைக்கிறார். ஒருமுறை ‘அதிகப்பிரசங்கி’ என்று பெயர் வாங்கிய ஊழியர் அடுத்த பத்து வருடம் பேசமாட்டார். அவர் பேசாததை நிறுவனம் ஒழுங்கு என்று பதிவு செய்துகொள்கிறது. நோய்த்தொற்றோ புயலோ சந்தை வீழ்ச்சியோ வரும் நாளில் முதலில் விரிசலைப் பார்த்திருப்பவர் அவராகத்தான் இருப்பார்.

பேட்ரோல்மேனுக்கு அதிகாரத்தை எழுத்தில் கொடுப்பது ஒன்று. அதை அவர் பயமில்லாமல் பயன்படுத்துவது வேறொன்று. வண்டியை நிறுத்தியபின் பாலம் நன்றாகவே இருந்தது என்று தெரிந்தால் என்ன ஆகும்? தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வருமா, அல்லது ‘நல்ல வேலை செய்தாய்’ என்று சூப்பர்வைசர் தோளில் தட்டுவாரா? தலைமையின் பரிவு சோதிக்கப்படும் இடம் இந்த வீண் எச்சரிக்கைதான். உண்மையான எச்சரிக்கை தந்தவரைப் பாராட்ட யாராலும் முடியும். தவறாக எச்சரித்தவரையும் அதே முகத்தோடு வரவேற்கத் தெரிந்தவரிடம்தான் அடுத்த முறையும் ஆள் ஓடிவந்து சொல்வார்.

இதை நமக்கு மிக அண்மையில், கொடூரமாக, ஒடிசா காட்டியது. 2023 ஜூன் 2 மாலை, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலேசுவர் மாவட்டத்தின் பஹானகா பஜார் நிலையத்தில் நேர்ப்பாதைக்குப் பதிலாகக் கிளைப்பாதையில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகளில் எதிரே போன பெங்களூரு–ஹவுரா ரயிலும் சிக்கியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் வயரிணைப்பில் நேர்ந்த தவறே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: 2022 மே 16 அன்று அதே தென்கிழக்கு ரயில்வேயின் பாங்கரா நயாபாஜ் நிலையத்தில் இதே மாதிரித் தவறு நடந்திருந்தது, அப்போதே சரிசெய்திருந்தால் பஹானகா நடந்திருக்காது.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி 8 அன்று கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் தவறான பாதைக்குப் போகவிருந்ததை லோகோ பைலட் பார்த்து வண்டியை நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் உயரதிகாரி ஒருவர், சிக்னல் அமைப்பில் ஊழியர்கள் குறுக்குவழி பிடிப்பது பெரும் விபத்தில் முடியும் என்று கடிதம் எழுதினார். எச்சரிக்கை பிறந்தது, எழுத்திலும் வந்தது. ஒரு ரயில்வே மண்டலம் கற்றது இன்னொரு மண்டலத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்து வேலையாக மாறவில்லை. விபத்துக்குப் பின் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்த 3 பேரும் பிரிவுப் பொறியாளர், டெக்னீஷியன் மட்டத்து ஊழியர்கள். 1956இல் உச்சியிலிருந்தவர் விலகினார். 2023இல் கீழே இருந்தவர்கள் கைதானார்கள். இரண்டு முறையும் பொதுமக்களாகிய நாம் கேட்டது ‘யார்?’ என்றுதான். ஹொசதுர்காவில் தெரிந்தது பஹானகாவில் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி செய்தித்தாள்களில் சில நாள் ஓடி அடங்கிவிட்டது.

இதே கேள்வியை அமெரிக்க விமானத் துறை ஒரு முறை விடாமல் பிடித்துக்கொண்டது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். வரைபடத்தையும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியையும் விமானி புரிந்துகொண்ட விதத்தில் கோளாறு. ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனத்தாருக்கு அது போகவில்லை. இதன்பின் 1976இல் நாசாவின் பொறுப்பில் ஒரு பதிவு முறை வந்தது. விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே போகாது. வேண்டுமென்று செய்யாத தவறுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பின் கையில் அந்தப் பதிவை வைக்காமல் நாசாவிடம் வைத்ததுதான் இதில் முக்கியம். சொல்கிறவர் பயப்படாத காது ஒன்று வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடமும் அப்படிப்பட்ட யோசனையின் சாயல் உண்டு. ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. 1941லிருந்து ரயில்வேக்கு வெளியே வைக்கப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் அது விபத்து நடந்தபின் திறக்கும் கதவு. நடக்காமல் தப்பிய விபத்தைச் சொல்லவரும் லோகோ பைலட்டுக்குத் தினமும் திறந்திருக்கும் கதவுதான் குறை.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு இதற்குப் பக்கபலம். நல்ல தலைமை உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குப் பதிவேட்டில் கிடைத்தது நேர்மாறான கணக்கு. நன்றாக நடக்கும் குழுக்களில் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. கிளறிப் பார்த்தபோது புரிந்தது, அங்கே தவறை மறைக்கவில்லை, சொன்னார்கள். மோசமான குழுக்களில் தவறு நோயாளியின் உடம்பில் இருந்தது, தாளில் இல்லை.

அரியலூர் விபத்தைச் சந்தித்த அதே தெற்கு ரயில்வே மீண்டெழுந்த கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1964 டிசம்பர் 22–23 இரவில் தனுஷ்கோடிப் புயல் பாசஞ்சர் ரயிலை விழுங்கியது, பாம்பன் பாலத்தின் உத்திரங்களைக் கடலில் தள்ளியது. சரிசெய்ய ஆறு மாதம் குறித்தார்கள், பிறகு அது மூன்று மாதமானது. 32 வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் முடித்தார். வேகம்தான் இந்தக் கதையில் எப்போதும் கொண்டாடப்படுகிறது. புதிய உத்திரங்களுக்குக் காத்திராமல், கடலுக்குள் கிடந்த பழையவற்றைத் தேடி எடுத்துப் பொருத்தியதால் வந்த வேகம் அது. அவை எங்கே கிடக்கின்றன என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் கடலில் தினமும் வலை போடுகிற மீனவர்கள். அவர்கள் வாயைத் திறக்கும்படியும் பொறியாளர் காதைக் கொடுக்கும்படியும் ஒரு சூழல் இருந்திருக்கிறது.

2020இல் இந்தக் கேள்வி மறுபடி நம் மாவட்டத்துக்கே வந்தது. கொரோனா முதல் அலையில் சென்னைக் கோயம்பேடு சந்தை தொற்று மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டது. மூட்டை தூக்கவும் கடைகளில் வேலை பார்க்கவும் போயிருந்த அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்து ஆட்கள் கிடைத்த லாரிகளில் ஊர் திரும்பினார்கள். மே 6 அன்று தமிழ்நாடு முழுவதும் புதிதாகத் தொற்று உறுதியானவர்கள் 771 பேர். அதில் அரியலூர் மாவட்டத்தில் மட்டும் 188 பேர். சின்ன மாவட்டம், சின்ன அரசு மருத்துவமனை, ஒரே நாளில் அந்த எண்ணிக்கை.

அந்த நாட்களில் நிர்வாகத்துக்கு வேண்டியிருந்த ஒரே தகவல்: யார் எப்போது வந்தார்கள், யாரோடு தங்கினார்கள்? அது தெரிந்தவர் திரும்பிவந்த தொழிலாளி மட்டும்தான். ‘கோயம்பேட்டுக்காரன்’ என்று ஊர் அவரை ஒதுக்கினால், தெருவை அடைத்துக் குடும்பத்தைக் குற்றவாளியாகப் பார்த்தால், அடுத்தவர் வீட்டுக்குள் ஒளிந்துகொள்வார். ‘வா தம்பி, சாப்பாடு இருக்கு, படுக்கை இருக்கு, வீட்டுக்கு அரிசி போகும்’ என்று சொல்லி அழைத்தால் அவரே முன்வந்து யார் யாரோடு லாரியில் வந்தேன் என்று சொல்வார். கிராமச் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் வீடு வீடாகப் போய்ப் பெற்ற நம்பிக்கையால் கிடைத்த தகவலை எந்த உத்தரவும் பெற்றுத் தந்திருக்காது. பரிவு மென்மையானவர்களின் கூடுதல் குணம், நெருக்கடியில் அதற்கு நேரமில்லை என்று நினைக்கும் நிர்வாகிகள் உண்டு. அந்த மே மாதத்தில் தொற்றைத் தேடிப் பிடிப்பதற்கான கருவியே அதுதான்.

இனி வரதராஜன்பேட்டைக்கு வருகிறேன். செம்மண், முந்திரித் தோப்பு, அலங்கார அன்னை ஆலயம், டான் போஸ்கோ பள்ளி, ஒரு பேரூராட்சி. பெரிய நிறுவனம் என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் நிச்சயமின்மையோடு வாழ்வதில் இந்தப் பகுதிக்கு நீண்ட பழக்கம் உண்டு. முந்திரி பூக்கும் தையிலும் மாசியிலும் மேகமூட்டமும் பருவம் தப்பிய மழையும் வந்தால் பூ கருகிப்போகும், அந்த வருட வருமானம் பாதியாகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்தபோது பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டிப் பகுதியில் தலைமுறை கண்ட முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. நட்ட கன்று காய்க்கச் சில வருடம் ஆகும். அதுவரை தோப்பை நம்பிய குடும்பமும் அந்தத் தோப்பை நம்பிய கொட்டை உடைக்கும் கொட்டகையும் என்ன செய்யும்?

முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாக உடைக்கிறார்கள். தோட்டு எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போகும் என்பதால் சாம்பலைத் தொட்டுக்கொள்கிறார்கள், விரல்கள் கறுத்திருக்கும். கொட்டை சரியாகக் காயவில்லை, வறுபட்டது போதவில்லை என்பது முதலில் தெரிவது அந்த விரல்களுக்குத்தான். முதலாளியின் கணக்கு நோட்டுக்கு அது வந்து சேர இரண்டு நாள் ஆகும். உடைசல் அதிகமானால் கூலியில் பிடிக்கும் கொட்டகையில் அந்தப் பெண் என்ன செய்வார்? உடைசலைக் கண்ணில் படாமல் வைப்பார், வறுவல் சரியில்லை என்று சொல்லமாட்டார். சொன்னதற்குப் பழி வராது என்று தெரிந்த கொட்டகையில், காலை பத்து மணிக்கே ‘அண்ணே, இந்த மூட்டை பச்சையா இருக்கு, நிறுத்துங்க’ என்று குரல் கொடுப்பார். மூட்டை தப்பும். அந்தப் பெண்ணும் ஒரு பேட்ரோல்மேன்தான்.

பேரூராட்சியில் அந்த இடத்தில் இருப்பவர் வாய்க்கால் அடைப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர். பள்ளியில், தொடர்ந்து மூன்று நாள் வராத பையன் எங்கே வேலைக்குப் போகிறான் என்று தெரிந்த வகுப்புத் தோழன். ஏரியில் மடை பார்ப்பவர். ஏரியைக் காப்பதற்கு ஊரார் கூடி ஆள் அமர்த்தியது நமக்குப் புதிதல்ல. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. அதன் உறுப்பினரின் பொறுப்பு ஓராண்டுக்குத்தான், அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். வரதராஜன்பேட்டைக்கு அருகிலேயே, கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி, ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இன்றும் பொன்னேரி என்ற பெயரில் கிடக்கிறது. அவ்வளவு நீண்ட கரையை அரண்மனையிலிருந்து பார்த்துப் பாதுகாத்திருக்க முடியாது. மழை இரவில் யாரோ ஒருவர் கரைமேல் நடந்திருக்க வேண்டும், அவர் சொல்லை யாரோ கேட்டிருக்க வேண்டும்.

சாஸ்திரியின் விலகல் தலைமுறைகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது, சொல்லப்பட வேண்டியதுதான். 1999இல் கைசால் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் நிதீஷ் குமார் விலகியபோதும் அரியலூரைத்தான் நாடு நினைத்தது. என் குறை ஒன்றே ஒன்று. விபத்துக்குப் பின் தலைவர் என்ன செய்தார் என்பதையே தலைமையின் அளவுகோலாக வைத்துவிட்டோம். விபத்துக்கு முந்தைய ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அவர் யார் சொல்வதைக் கேட்டார், கசப்பான செய்தி கொண்டுவந்தவரை எப்படி நடத்தினார் என்பதை யாரும் அளக்கவில்லை. அதை அளக்கத் தொடங்கினால், பரிவுள்ள தலைவர்கள் என்று நாம் இன்று கொண்டாடும் பலர் பட்டியலிலிருந்து விழுவார்கள். பெயர் தெரியாத பல தலைமையாசிரியர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் மேஸ்திரிகளும் அதில் ஏறுவார்கள்.

வரதராஜன்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் இடத்துக்காவது பொறுப்பாக இருக்கும் எல்லோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் ஐப்பசி மழைக்குமுன், உங்கள் இடத்தில் வெகுநாளாக எதுவுமே சொல்லாமலிருக்கும் ஊழியர் யார் என்று பாருங்கள். அவரை அறைக்கு அழைக்காதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், எது உடையும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் கண்ணெதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னது தவறாகவே போனாலும் அவருக்கு ஒரு மெமோவும் வராது என்பதை எழுத்தில் கொடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.